பிள்ளை பிடிக்கிறவன், சாத்தான், ஆழ்மனம்: கடற்கரை ஊர்களில் பரவும் பீதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் 26 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினேன். பெற்றோர் கூட்டத்திலும், பள்ளிவாசல் திண்ணையிலும், மாதா கோயில் வாசலிலும், மீன் ஏலம் நடக்கும் கரையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. மதத்தின் சொல்லும் உளவியல் என்ற பெயரில் புழங்கும் அரைகுறைச் செய்தியும் ஒன்றுசேரும்போது ஓர் ஊர் எவ்வளவு விரைவாக நிதானம் இழக்கிறது என்பதை நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவற்றுக்கு எழுத்தில் விடை தர முற்படுகிறேன்.

ஒழுக்கப் பீதி என்று எதைச் சொல்கிறீர்கள்? பயப்படுவது தவறா?

பயப்படுவது தவறில்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் படகை மேட்டில் இழுத்துக் கட்டுகிறோம். அந்தப் பயம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தக் கூண்டுக்கு ஓர் எண் உண்டு, அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு, புயல் கடந்ததும் அதை இறக்குவதற்கு ஓர் அலுவலகமும் உண்டு. ஒழுக்கப் பீதியில் இவை எதுவும் இருப்பதில்லை.

பிரிட்டனில் 1964 ஈஸ்டர் விடுமுறையின்போது கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் இளைஞர்களின் இரண்டு கூட்டங்கள் மோதிக்கொண்டன. உடைந்தவை சில கண்ணாடிகளும் கடற்கரைக் குடில்களும்தான். பத்திரிகைகளோ ஊரையே சூறையாடிவிட்டதைப் போல எழுதின. அதை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972 இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஒழுக்கப் பீதி என்று அவர் சொன்னது இதைத்தான். ஒரு கூட்டத்தார் சமூகத்தின் நன்மைகளுக்கெல்லாம் எதிரிகளாகச் சித்தரிக்கப்படுகிறார்கள். பத்திரிகை ஆசிரியர்கள், ஆயர்கள், அரசியல்வாதிகள் ஆகியோர் அறத்தின் காவலர்களாக முன்னே வந்து நிற்கிறார்கள். வல்லுநர்கள் என்று மதிக்கப்படுவோர் நோய் இன்னது, மருந்து இன்னது என்று அறிவிக்கிறார்கள். இந்த வரிசையில் சமயத் தலைவரும் வல்லுநரும் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் அவர்கள் இருவரைப் பற்றியதுதான்.

நம் பக்கத்தில் அப்படி என்ன நடந்துவிட்டது?

2018 மே மாதம், பள்ளி விடுமுறை. பிள்ளைகளைக் கடத்தும் கூட்டம் தமிழ்நாட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்ற செய்தி எல்லாருடைய கைபேசியிலும் வந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 9 ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்ணைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்தச் செய்தியைப் படித்த பிறகும் எங்கள் ஊர் அமைதியடையவில்லை. "நெருப்பில்லாமலா புகையும்" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் காலை, உதிர்ந்த தலைமுடியை எடைக்கு வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் வியாபாரி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். வெளி மாவட்டத்துக்காரர்; பேச்சின் இழுப்பிலேயே அது தெரிந்தது. தோளில் தொங்கிய சாக்கை ஒரு சிறுவன் விரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பெண்களின் முடி நிறைந்திருக்கிறது என்று அலறினான். நான் போய்ச் சேர்வதற்குள் முப்பது நாற்பது பேர் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். சாக்கைத் தெருவில் கொட்டியிருந்தார்கள். சுருட்டிய முடிப்பந்துகள், ஒரு சிறு தராசு, நான்கு எவர்சில்வர் டம்ளர்கள், எலுமிச்சைச் சோறு இருந்த ஒரு தூக்குச்சட்டி. அவ்வளவுதான் அவரிடம் இருந்தவை. சட்டையின் கை கிழிந்திருந்தது. காதருகே இரத்தம் கசிந்தது.

அப்போது அங்கே பேசப்பட்ட இரண்டு வாக்கியங்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. பக்தியுள்ளவர் என்று பெயரெடுத்த ஒரு பெரியவர், "இது செய்வினைக்குக் கொண்டுபோற முடி" என்றார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், "அவன் கண்ண நேராப் பாக்காதீங்க, ஹிப்னாடிசம் பண்ணித்தான் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போவானுங்க" என்றார். முதல் வாக்கியம் கிழவர்களை நம்பவைத்தது. இரண்டாவது வாக்கியம் படித்த பிள்ளைகளை நம்பவைத்தது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் கூட்டத்தில் பாதிப் பேராவது தயங்கியிருப்பார்கள்.

பாசி எடுக்கப் போகும் பாட்டி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "விடுங்கடா அவன. போன பொங்கலுக்கு எனக்கு டம்ளர் குடுத்த பிள்ளைடா இது" என்று சத்தம் போட்டார். அந்த ஒரு குரலால்தான் அவர் உயிர் பிழைத்தார். அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டியவன் நான். ஆசிரியர் என்ற மரியாதை எனக்கு அந்தத் தெருவில் இருந்தது. ஆனாலும் வாய் திறக்க எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன.

ஏன் அந்த மாதத்தில் மட்டும் அப்படிப் பரவியது?

மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வருமானமில்லை, கையில் வேலையுமில்லை. பிள்ளைகளும் விடுமுறையில் தெருவில் நிற்கிறார்கள். நாள் முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் ஊரில் ஒரு காணொளி ஒரு மணி நேரத்தில் எல்லாரையும் எட்டிவிடுகிறது. இது என் கணிப்புத்தான். ஆனால் அந்த நாள்களில் எங்கள் கரையில் நடந்தவரை எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை.

அப்போது இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளில் முக்கியமான ஒன்று, இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்ட படம். தூக்கிச் சென்றவர்கள் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இதே வதந்தியால் கொல்லப்பட்டார்கள். அந்த மாதத்தில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கண்ணைப் பார்த்தோ பொடி தூவியோ ஒருவரை வசியப்படுத்தி அழைத்துப் போக முடியுமா?

முடியாது. ஹிப்னாடிசம் என்பது, உட்படுகிறவர் தாமே ஒத்துழைத்து, சொல்லும் வார்த்தையில் கவனத்தைக் குவிப்பதால் ஏற்படும் நிலை. தெருவில் போகிற ஒருவரை ஒரு பார்வையில் பொம்மையாக்கும் ஆற்றல் எந்த மனிதருக்கும் இல்லை. உணவிலோ பானத்திலோ மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடும் குற்றம் நடக்கிறது. அது மருந்தின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதெல்லாம் படிக்காத ஊர்களில் நடப்பது. வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்குமா?

நடந்தது. அதுவும் படித்தவர்களால் நடந்தது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

1980 இல் கனடாவின் விக்டோரியா நகரத்து மனநல மருத்துவர் லாரன்ஸ் பாஸ்டர் (Pazder), தம்மிடம் சிகிச்சைக்கு வந்த பெண்ணுடன் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். சிறுவயதில் சாத்தானை வழிபடும் கூட்டத்தாரிடம் தாம் பட்ட கொடுமைகள் சிகிச்சையின்போது நினைவுக்கு வந்ததாக அந்தப் பெண் சொன்னார். அதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் சொன்னவர் மருத்துவர் என்பதால் சமூகப் பணியாளர்களும் காவலர்களும் அதைப் பாடமாகக் கொண்டார்கள். சாத்தான் உலகில் நேரடியாகச் செயல்படுகிறான் என்று போதித்துவந்த சபைகள் அதைத் தம் போதனைக்குக் கிடைத்த சான்றாகக் கொண்டன. மருத்துவரின் சொல்லுக்குப் போதகர் சாட்சியானார், போதகரின் சொல்லுக்கு மருத்துவர் சாட்சியானார்.

1983 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மன்ஹாட்டன் பீச் என்ற கடற்கரை ஊரில், மக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளியின் ஆசிரியர் மீது ஒரு தாய் புகார் கொடுத்தார். காவல் துறை ஏறத்தாழ 200 குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பி, உங்கள் பிள்ளையிடம் இன்னின்ன செயல்கள் நடந்தனவா என்று கேளுங்கள் என்று சொன்னது. அந்தக் கடிதத்திலேயே சந்தேகத்துக்குரியவரின் பெயர் இருந்தது. அன்று மாலை அந்த ஊரின் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஏறத்தாழ 400 குழந்தைகளை ஒரு நிறுவனத்தின் ஆலோசகர்கள் விசாரித்தார்கள். கைப்பொம்மைகளை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீயும் சொன்னால் நீ கெட்டிக்காரன் என்று தூண்டினார்கள். இல்லை என்ற குழந்தையிடம் மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள். பள்ளிக்கு அடியில் சுரங்கம் இருந்தது, விலங்குகளைக் கொன்றார்கள், சூனியக்காரிகள் பறந்தார்கள் என்றெல்லாம் குழந்தைகள் சொல்லத் தொடங்கினார்கள்.

ஏழு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1986 இல் ஐவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. 1990 இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் செலவாகியிருந்தது. தண்டிக்கப்படாத ஒரு மனிதர் ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்தார். அந்தக் குழந்தைகளுள் ஒருவர் 2005 இல், பெரியவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதைத்தான் தாம் சொன்னதாகவும், அது பொய் என்றும் வெளிப்படையாகக் கூறினார். இதே அலையில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் குழந்தைக் காப்பகம் நடத்திய ஒரு தம்பதியர் 1992 இல் தண்டிக்கப்பட்டு, 21 ஆண்டுகளுக்குப் பிறகு 2013 இல்தான் வெளியே வந்தார்கள். 2017 இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பில் இத்தகைய புகார்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கென்னத் லானிங், பலிச்சடங்கு நடத்தும் பெரிய இரகசியக் கூட்டம் இருப்பதற்குச் சான்று இல்லை என்று 1992 இல் எழுதினார். பிரிட்டனில் அரசுக்காக ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் லா ஃபோன்டேன் 1994 இல் அதே முடிவுக்கு வந்தார். அவர் எடுத்துக்கொண்ட 84 புகார்களுள் ஒன்றில்கூடச் சாத்தான் வழிபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை.

குழந்தை பொய் சொல்லாது என்கிறார்களே?

பெரும்பாலும் குழந்தை பொய் சொல்ல நினைப்பதில்லை. தானே முன்வந்து தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லும் குழந்தையை நம்ப வேண்டும். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சிக்கல் கேட்கும் விதத்தில் இருக்கிறது. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், மக்மார்ட்டின் விசாரணையில் பயன்பட்ட முறைகளை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்புக்குக் கதை சொல்ல வந்துபோன ஒருவர் செய்யாத செயல்களை, பாராட்டியும் மற்ற பிள்ளைகள் சொன்னதாகக் கூறியும் கேட்டபோது, ஏறத்தாழ 58 சதவீத விடைகளில் குழந்தைகள் அவர் செய்ததாகவே சொன்னார்கள். வெறும் தூண்டுதல் கேள்விகளை மட்டும் கேட்டபோது அது ஏறத்தாழ 17 சதவீதம். ஐந்து நிமிடத்துக்குள் ஏற்பட்ட வேறுபாடு இது.

ஆகவே உங்கள் பிள்ளை எதையாவது சொன்னால், "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்தானே என்று கேட்காதீர்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் முன்னால் நிறுத்தி மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள். 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவுசெய்ய வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எதிரில் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் குற்ற ஆவணங்கள் ஆண்டுதோறும் காட்டும் உண்மை, போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதுதான். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். நாம் தெருவில் சாக்கு தூக்கி வருகிறவரைத் துரத்திக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் குழந்தையின் முகவாட்டம் நம் கண்ணில் படுவதில்லை. பீதியின் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் இதனால்தான்.

மறந்துபோன கொடுமைகள் ஆழ்மனத்தில் பதிந்திருக்கும், சிகிச்சையில் வெளியே வரும் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே?

துன்ப நினைவுகளைப் பேசாமல் வைத்திருப்பதும், ஒன்றைப் பல காலம் நினையாமலிருந்து பிறகு நினைப்பதும் உண்டு. ஆனால் நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த துணியன்று. எடுக்கும்போதெல்லாம் புதிதாக நெய்யப்படுவது. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995 இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேரிடம், சிறுவயதில் நடந்த மூன்று உண்மை நிகழ்ச்சிகளோடு, பேரங்காடியில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த நடக்காத நிகழ்ச்சியை முழுமையாகவோ ஓரளவோ நினைவிருப்பதாகச் சொன்னார். சொந்த வீட்டார் சொன்னதாக நம்பியதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆழ்மனம் என்ற சொல் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. 1957 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் விக்காரி என்ற விளம்பரத் துறையாளர், திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகங்களைக் காட்டிச் சோளப்பொரி விற்பனையைக் கூட்டியதாக அறிவித்தார். நாடே கலங்கியது. 1962 இல் அவரே அது வியாபாரத்துக்காகச் செய்த வேலை என்பதை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் நம் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. பள்ளிகளுக்கு வரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அந்தச் சோளப்பொரிக் கதையை உண்மையாகவே சொல்லிவிட்டுப் போவதை நான் கேட்டிருக்கிறேன்.

நீலத் திமிங்கல விளையாட்டு உண்மைதானே? பிள்ளைகள் இறந்தார்களே?

நாளுக்கு ஒரு பணியாக, கையில் கீறிக்கொள்வது முதல் தற்கொலை வரை பிள்ளைகளைக் கொண்டுபோவதாகச் சொல்லப்பட்ட இணைய விளையாட்டு அது. பிள்ளைகள் இறந்தது உண்மை. அந்தத் துயரத்தை யாரும் சிறிதாக்கக் கூடாது. 2017 இல் மதுரை அருகே ஒரு மாணவரின் மரணத்துக்குப் பிறகு, நம் மாவட்டத்துக்கும் உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. 50 நாள்களில் பிள்ளையின் மூளையைக் கட்டுப்படுத்திவிடும் விளையாட்டு என்று ஆலோசகர்கள் பேசினார்கள். பிசாசின் விளையாட்டு என்று ஜெபக் கூட்டங்களில் பேசினார்கள். நடுவண் அரசு அமைத்த குழு அந்த மரணங்களை ஆராய்ந்தது. எந்த மரணத்திலும் அந்த விளையாட்டின் பங்கை உறுதிசெய்ய முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டில் எங்கள் பள்ளியில் பெற்றோர் பிள்ளைகளின் கையில் கீறல் இருக்கிறதா என்று தேடினார்கள். நான்கு நாள்களாகச் சரியாகச் சாப்பிடாத பிள்ளையிடம் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளை மனம் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால் அதைப் பற்றியே பேசுங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

2012 ரம்ஜானுக்கு முந்தைய இரவு மருதாணியால் பெண்கள் மயங்கி விழுந்தார்களே, அதுவும் கற்பனையா?

மயக்கமும் வாந்தியும் எரிச்சலும் உண்மை. மருதாணி வைத்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்பது பொய். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்த இரவு பெண்களும் சிறுமிகளும் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பயம் உடலில் அறிகுறியாக வெளிப்படுவதும், ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்கு வருவதும் மருத்துவம் நன்கறிந்தவை. அப்படி வருகிறவர் நடிப்பதில்லை.

அப்படியானால் எல்லாப் பயத்துக்கும் வேரே இல்லை என்கிறீர்களா?

இல்லை. வேர் இருக்கும், பழி போய் விழும் இடம்தான் தவறாக இருக்கும். எங்களுக்கு எதிர்க்கரையில் நடந்ததையே சொல்கிறேன். 2011 ஆகஸ்ட்டில் இலங்கையில் கிறீஸ் பூதம் என்ற பீதி பரவியது. உடலெங்கும் கிறீஸ் (மசகு) பூசிக்கொண்ட மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள், பிடித்தால் வழுக்கி ஓடிவிடுகிறார்கள் என்றார்கள். கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் இரவுக் காவல் இருந்தார்கள். பிடிபட வேண்டியவர்கள் படை முகாம்களுக்குள் ஓடி ஒளிகிறார்கள் என்று நம்பி முகாம்களை முற்றுகையிட்டார்கள். புத்தளத்தில் ஒரு காவலர் கும்பலால் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தின் நாவாந்துறையில் இளைஞர்கள் நூறு பேருக்கு மேல் படையினரால் பிடித்துச் செல்லப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சீருடை அணிந்தவர்களை நம்ப முடியாமல் வாழ்ந்த மக்களுக்கு அந்தப் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று சொல்வது அநியாயம்.

எங்கள் ஊர்ப் பெண்களின் பயத்துக்கும் வேர் உண்டு. ஒரு தெருவில் பாதி ஆண்கள் இரவில் கடலில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியாத சந்தில் வயதான மாமியாரோடும் சிறு பிள்ளைகளோடும் ஒரு பெண் படுத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியவை தெருவிளக்கும் இரவு ரோந்தும்தான். முடி வியாபாரியை அடிப்பதால் அவற்றுள் எதுவும் கிடைக்காது.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்கிறார்கள். ஓதிப் பார்க்கக் கூடாதா?

ஓதுங்கள், ஜெபியுங்கள், வேப்பிலை அடியுங்கள். உங்கள் நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. குரல் மாறிப் பேசுவதும் பிறகு ஒன்றும் நினைவில்லை என்பதும் மனத்தின் தாங்க முடியாத நெருக்கடியால் வரக்கூடியவை. வலிப்பு நோயாலும் வரலாம். ஆகவே அதே வாரத்தில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், பட்டினி போடச் சொல்கிறவர், கட்டிப்போடச் சொல்கிறவர் எந்த மதத்து உடையில் வந்தாலும் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஜெர்மனியில் வலிப்பு நோய்க்கு மருத்துவம் பார்த்துவந்த 23 வயது மாணவி ஒருவருக்கு 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். 1976 இல் அவர் பட்டினியால் மெலிந்து இறந்தார். பெற்றோரும் இரண்டு குருக்களும் 1978 இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில், நாம் பேருந்தில் போய்வரும் ஊரில் நடந்தது இது. தர்காவில் துஆ கேட்க வந்த குடும்பங்களின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. பிணியை வெறும் சைத்தானின் வேலையாகப் பார்த்ததால் சங்கிலி யார் கண்ணையும் உறுத்தவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் எவரையும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

மதத் தலைவர்களால் இதைத் தடுக்க முடியுமா?

அவர்களால்தான் முடியும். ஆசிரியர் சொல்வதைவிட ஆலிமும் பங்குத்தந்தையும் கோயில் நிர்வாகியும் சொல்வதற்கு இங்கே எடை அதிகம். நம்பத் தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதபடி அதை விசாரித்துக்கொள்ளுங்கள் என்று குர்ஆனின் 49 ஆம் அத்தியாயம் சொல்கிறது. பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. இவற்றை வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பொருளில் எடுத்துச் சொன்னால் போதும்.

பீதி அடங்கிய பிறகு ஊர் என்ன செய்ய வேண்டும்?

எந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்களோ அதே ஒலிபெருக்கியில், அதே நேரத்தில், அந்தச் செய்தி பொய் என்று அறிவிக்க வேண்டும். அடிபட்டவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். உடைத்த பொருளுக்கு விலை கொடுக்க வேண்டும். குழுவில் செய்தியை முதலில் பகிர்ந்தவர் அதே குழுவில் திருத்தம் போட வேண்டும்.

எங்கள் ஊரில் இவற்றுள் எதுவும் நடக்கவில்லை. அந்நியர் நடமாட்டம் இருக்கிறது, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று நாள்கள் மாலையில் அறிவித்தார்கள். அடுத்த வாரம் நான் பொறுப்பாளர்களிடம் போய், தவறான தகவல் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். "முடிஞ்சத ஏன் சார் மறுபடி கிளறணும்" என்றார்கள். அந்த வியாபாரியின் பெயரையோ ஊரையோ நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பாட்டி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, முடியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். தராசின் ஒரு தட்டு மிதிபட்டு வளைந்துபோயிருந்தது. அடுத்த இரண்டு பொங்கலுக்கும் முடி வாங்க எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஓலைச் சந்தில் செருகி வைத்திருந்த பெண்கள், ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டார்கள்.